எளிய படங்களும் எள்ளல் நகையும்

கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகுவோன், முதற்கண் தன் துணிவிற்குக் காரணங் கூறக் கடமைப்பட்டவனாகின்றான். அதிலும், அறிஞர் போற்றும் பெரும்படங்களை விடுத்து, 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டிற் சில நாட்களில், சிறு பொருட் செலவில் எடுக்கப்பட்டு, சில வாரங்களில் மறக்கப்பட்ட கௌபாய் நகைச்சுவைப் படங்களை ஒருவன் பொருளாக எடுத்துக் கொள்வானாயின், 'இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவனுக்கு இஃது எற்றுக்கு?' என்று ஆன்றோர் வினவுதல் இயல்பே. அவ்வினாவிற்கு விடையிறுத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகை என்பது சிறு பொருளன்று. மெய்ப்பாடு எட்டனையும் வகுத்துரைக்கப் புகுந்த தொல்காப்பியனார், அழுகைக்கும் அச்சத்திற்கும் பெருமிதத்திற்கும் முன்னதாக நகையையே நிறுத்தினார். ஒரு மக்கட் கூட்டம் எதனைக் கண்டு அழுகின்றது என்பதைக் காட்டிலும், எதனைக் கண்டு சிரிக்கின்றது என்பது அதன் உள்ளத்தைத் தெளிவாகக் காட்டும். அழுகையில் நாம் நம்மைக் காத்துக் கொள்கின்றோம். சிரிப்பிலோ அயர்ந்து விடுகின்றோம். ஆதலின் மலிவான படங்களில் எழுந்த மலிவான சிரிப்பும் ஆராய்ச்சிக்கு உரியதே. அப்படங்களின் மலிவு குற்றமன்று என்பதும், அவற்றுட் சிலவற்றிற் காணப்படும் இழிவிற்கு அம்மலிவைக் காரணங் காட்டுதல் பொருந்தாது என்பதுமே யான் ஈண்டு நிறுவக் கருதுவன.

முதலில் அப்படங்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது காண்போம். வார்னர் சகோதரர்கள் 1927இல் வெளியிட்ட 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் படத்தோடு பேசும்படக் காலம் பிறந்தது என்பர். அப்பொழுது, குதிரையும் பாலையும் மலைக்கணவாயும் நிறைந்த கௌபாய்ப் படங்களுக்கு முடிவு காலம் வந்துவிட்டது என்று எண்ணினோர் பலர். ஒலிவாங்கிக் கருவியைத் திறந்த வெளிக்குக் கொண்டு செல்லுதல் அரிது. காற்றின் இரைச்சல் உரையாடலை விழுங்கிவிடும். ஓடுகின்ற குதிரையின் பின்னே கருவி ஓட இயலாது. இவ்வையத்தை நீக்கியது, 1929ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பரவலாக வெளிவந்த 'இன் ஓல்டு அரிசோனா' என்னும் படம். வெளிப்புறத்திலேயே ஒலியைப் பதிவு செய்து, குளம்பொலியையும் அடுப்பில் இறைச்சி பொரியும் ஓசையையும் கூட மக்கள் கேட்குமாறு செய்தது அது. அதில் நடித்த வார்னர் பாக்ஸ்டர் சிறந்த நடிகருக்குரிய அகாடமிப் பரிசிலையும் பெற்றார்.

ஆயினும் பெருஞ்செலவில் எடுத்த கௌபாய்ப் படங்கள் நெடுநாள் தழைக்கவில்லை. 1930இல் ராவுல் வால்ஷ் இயக்கத்தில், 70 மில்லிமீட்டர் அகலப் படச்சுருளில், ஜான் வெய்ன் என்னும் புது நடிகரைத் தலைவனாகக் கொண்டு 'தி பிக் டிரெயில்' வெளிவந்தது. ஒலிக்கருவி அமைக்கும் பொருட்டு அப்பொழுதுதான் பெரும்பொருள் செலவிட்டிருந்த திரையரங்கத்தார், அகலத் திரைக்கென மீண்டும் செலவிட மனங்கொள்ளவில்லை. நாடெங்கும் பெருமந்தம் பரவிய காலமும் அதுவே. படம் தோற்றது. அதன் தலைவனாக நடித்த வெய்ன், 1939இல் 'ஸ்டேஜ் கோச்' வெளிவருங்காறும், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பெரும்பாலும் மலிவுப் படங்களிலேயே காலங் கழிக்க நேர்ந்தது.

பெருமந்தம் ஒரு கையால் வாங்கியதை மற்றொரு கையாற் கொடுத்தது. வேலையிழந்த மக்களைத் திரையரங்கிற்கு ஈர்க்கும் பொருட்டு, ஒரு சீட்டிற்கு இரண்டு படம் என்னும் வழக்கம் நாடெங்கும் பரவிற்று. முதற் படம் பெரிய நிறுவனத்தாருடையது. வரும்படியில் அவர்க்குப் பங்கு உண்டு. இரண்டாம் படத்திற்கோ குறித்த வாடகை மட்டுமே. எத்துணைக் கூட்டம் வந்தாலும் அவ்வாடகை உயராது. உயராத வருவாய்க்கு ஏற்பச் செலவைக் குறைத்தாலன்றி ஆதாயமில்லை. ஆகவே பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் அளவில், ஒரு வாரத்திற்கு உட்பட்ட படப்பிடிப்பில், ஒரு மணி நேரம் ஓடக்கூடிய படங்களைச் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் பல எழுந்தன. மாஸ்காட், மொனோகிராம், டிஃபனி, கிராண்ட் நேஷனல் முதலிய பெயர்கள் அக்காலத்து மக்களுக்குப் பழகிப் போயின. 1935இல் ஹெர்பர்ட் யேட்ஸ் என்பார் இத்தகைய சிறு நிறுவனங்கள் சிலவற்றை ஒருங்கிணைத்து ரிபப்ளிக் நிறுவனத்தை அமைத்தார். இந்நிறுவனங்கள் நெருங்கியிருந்த பகுதியை ஹாலிவுட்டார் 'வறுமை வரிசை' என்று பொருள்படும் பெயராலேயே வழங்கினர். சன்செட் பெருந்தெருவும் கவர் தெருவும் கூடும் முனையில், தொப்பியும் முட்காலணியும் அணிந்த குதிரைக்காரர் நாட்கூலி வேலையை எதிர்பார்த்து நிற்பர்; அம்முனைக்குக் 'கவர் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் கேலிப்பெயர் ஒன்றும் உண்டாயிற்று.

சிக்கனம் இப்படங்களுள் எவ்வாறு நகைச்சுவையைப் பிறப்பித்தது என்பது நோக்கற்பாலது. குதிரைத் துரத்தல் ஒன்றைப் படமாக்க வேண்டின் குதிரைகள் வேண்டும். அவற்றைச் செலுத்த வல்லார் வேண்டும். நல்ல வெயில் வேண்டும். இரவில் தீமூட்டி அதன் அருகே இருவர் அமர்ந்து பேசுவதற்கோ ஒரு விளக்கும் ஒரு மரக்கட்டையும் போதும். பேச்சு மலிவு, துரத்தல் விலையுயர்ந்தது. ஊமைப்படத்திற் பேச்சிற்கு இடமில்லை. ஒலி வந்த பின்னரோ பேச்சைக் கொண்டே படத்தின் நீளத்தை நிரப்ப இயன்றது. அங்ஙனம் நிரப்புதற்குத் தலைவன் ஏற்றவனல்லன். அவன் வாய் பேசாத வீரன். எனவே அவன் பக்கத்தில் வாய் மூடாத தோழன் ஒருவன் தோன்றினான். நம் தெருக்கூத்திற் கட்டியங்காரன் செய்வதையெல்லாம் அவன் செய்தான். கதையை எடுத்துரைப்பான், தலைவனைப் புகழ்வான், இடித்தும் உரைப்பான், அடுத்த காட்சிக்கு ஆயத்தம் நடக்கும் வரையில் அவையோரைச் சிரிக்க வைப்பான்.

சிக்கனத்தின் மற்றொரு விளைவும் உண்டு. வார்னர் நிறுவனத்தார் 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் ஜான் வெய்னைக் கொண்டு ஆறு படங்கள் எடுத்தனர். கென் மேனார்டு என்னும் வீரர் நடித்த பழைய ஊமைப் படங்களின் துரத்தற் காட்சிகளை வெட்டி அவற்றுட் செருகினர். அக்காட்சிகளோடு பொருந்த வேண்டும் என்பதற்காக வெய்னுக்கு மேனார்டு அணிந்ததை ஒத்த உடையும், மேனார்டின் குதிரையை ஒத்த வெண்குதிரையும் அளித்தனர். நெருங்கிய காட்சியில் வெய்ன், தொலைக் காட்சியில் மேனார்டு! மாஸ்காட் நிறுவனம் 1935இல் வெளியிட்ட 'தி ஃபேன்டம் எம்பயர்' என்னும் 12 பகுதித் தொடர்ப்படத்திலோ, பாடகர் ஜீன் ஆட்ரி தம் மாட்டுப் பண்ணைக்கு அடியில் உள்ள பாதாள நகரத்திற் சிக்கிக் கொள்கின்றார். அங்கே இயந்திர மனிதரோடு போராடியும், வானொலியிற் பாட வேண்டிய வேளைக்குள் எவ்வாறேனும் மேலேறி வந்துவிட முயல்கின்றார். வேளை தவறினாற் பண்ணை கைவிட்டுப் போய்விடும். இதனை எழுதினோர் சிரிப்பிற்காக எழுதினரோ அன்றோ, காண்போர் சிரியாதிருத்தல் இயலாது.

இனி, இந்நகைத் தோழர் மூவரைப் பற்றிக் கூறுதல் தகும். முதல்வர் ஜார்ஜ் ஹேய்ஸ். 1885இல் நியூயார்க் மாநிலத்திற் பிறந்து, நாடக மேடையில் முதிர்ந்தவர். கௌபாய்ப் படங்களில் நடிக்க வருமுன் குதிரையேற்றம் அறியாதவர். 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியிற் சேமிப்பை இழந்து மீண்டும் நடிக்க வந்தார். திரையில் தாடியும் கந்தலும் உடையவராய் எரிந்து விழும் இக்கிழவர், வெளியே நன்கு உடுத்தும் நயத்தக்க நாகரிகர். 'ஹோப்பலாங் கேசிடி' படவரிசையில் 'விண்டி' என்னும் தோழனாக இவர் புகழ்பெற்றார். 1939இற் சம்பளப் பூசலால் விலகியபொழுது, அப்பெயர் நிறுவனத்திற்கே உரியது என்றனர். தாடியைத் தம்மோடு கொண்டு செல்லலாம். பெயரைக் கொண்டு செல்லலாகாது! ரிபப்ளிக் நிறுவனத்தில் 'கேபி' என்னும் புதுப் பெயர் பூண்டு, முன்னினும் மிக்க புகழ் எய்தினார்.

இரண்டாமவர் ஸ்மைலி பர்னெட். 1911இல் இல்லினாய் மாநிலத்திற் பிறந்த இவர் வானொலி இசைஞர். எண்ணிறந்த இசைக்கருவிகளை வாசிக்க வல்லவர். நூற்றுக்கணக்கான பாட்டுக்கள் இயற்றியவர். ஜீன் ஆட்ரியின் தோழனாகிய 'ஃபிராக் மில்ஹவுஸ்' என்னும் பாத்திரத்தில், பருத்த உடலும் தவளைக் குரலுமாக இவர் தோன்றும்பொழுது, சனிக்கிழமை நண்பகற் காட்சிக்கு வந்த சிறுவர் கூட்டம் ஆர்ப்பரிக்கும். 1940ஆம் ஆண்டுகளில், கௌபாய்ப் படங்களில் வருவாய் ஈட்டித் தரும் முதற் பத்து நடிகர் யாவர் என்று திரையரங்கத்தாரைக் கேட்டு வெளியிட்ட பட்டியலில், தலைவர்களோடு ஒப்ப இவரும் ஹேய்ஸும் இடம் பெற்றனர். பக்கத்தில் நிற்பவன் நடுவில் நிற்பவனுக்கு நிகராயினமை நோக்குக.

மூன்றாமவர் ஆல் செயின்ட் ஜான். ஊமைப்பட நகைவேந்தராகிய ராஸ்கோ ஆர்பக்கிளின் மருகர். கீஸ்டோன் நிறுவனத்தின் குறும்படங்களில் மிதிவண்டி மீதேறி விந்தைகள் காட்டியவர். பஸ்டர் கீட்டனோடும் நடித்தவர். பேசும்படம் வந்தபின், உடலாற் பேசிய இத்தகைய கலைஞர் பலர் பெரிய நிறுவனங்களில் இடமிழந்தனர். செயின்ட் ஜானுக்கோ வறுமை வரிசை புகலிடம் அளித்தது. 'ஃபஸ்ஸி' என்னும் தாடிக்காரத் தோழனாக 1940ஆம் ஆண்டுகள் முழுதும் நடித்தார். அவர் ஒரு நாற்காலியில் அமர முயன்று விழும்பொழுது, பத்து ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஊமைப்படக் கலை ஒரு நொடி உயிர்த்தெழுவதைக் காணலாம். பெருஞ்செல்வர் புறக்கணித்த கலையை ஏழை நிறுவனத்தார் காத்தனர் எனின், அது மிகையாகாது.

'ஒரே கதை, ஒரே குன்று, ஒரே துரத்தல். இவற்றிற் கலை யாது?' என்று குறை கூறுவாரும் உளர். கூறியது கூறல் குற்றமெனினும், எல்லாவிடத்தும் குற்றமாகாது என்பது இலக்கணம் பயின்றார் அறிந்ததே. அகப்பாட்டில் தலைவனும் தலைவியும் தோழியும் பாங்கனும் எத்துணை நூற்றாண்டு மீண்டும் மீண்டும் வந்தனர்! கதை முன்னரே தெரிந்த இடத்திலேதான், சொல்லும் முறையின் நுட்பம் புலனாகும். கள்வன் பிடிபடுவான் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆதலின் அவர்கள் கதையைப் பாராது மனிதரைப் பார்த்தனர். எனவே மலிவையும் ஒருமையையும் காட்டி இப்படங்களைத் தள்ளுதல் நேரிதன்று.

எனினும், இவற்றைப் புகழ்வதோடு நின்றுவிடின் உண்மையிற் பாதியை மறைத்தவனாவேன். இப்படங்களில் எழும் சிரிப்பு அனைத்தும் ஒரு தன்மையதன்று. அதனைப் பகுத்தறிதற்குத் தொல்காப்பியமே நல்ல அளவுகோலாக உதவுகின்றது. நகை பிறக்கும் நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்று அந்நூல் கூறும். கேட்டதனை ஆராயாது மெய்யென்று கொள்ளுதல் பேதைமை என்றும், பிறர் அறிவுறுத்தியதை ஏற்று ஏற்றதை விடாதிருத்தல் மடன் என்றும் பேராசிரியர் வேற்றுமை காட்டுவர். எள்ளலையும், தான் பிறரை எள்ளி நகுதல், பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் என இரண்டாக அவர் பகுப்பர்.

இவ்வளவுகோலை இட்டுப் பார்ப்போம். 'தி த்ரீ மெஸ்கிட்டியர்ஸ்' வரிசையில், மாக்ஸ் டெர்ஹூன் என்பவர் வாயசையாது பேசும் வித்தை வல்லவராய், எல்மர் என்னும் மரப்பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு துப்பாக்கிச் சண்டைகளின் நடுவே திரிகின்றார். இது இளமை பற்றிய நகை. லாரலும் ஹார்டியும் 1937இல் நடித்த 'வே அவுட் வெஸ்ட்' என்னும் படம் இவற்றினும் சற்று மிக்க பொருள் கொண்டு எடுக்கப்பட்டதாயினும் இவ்வினத்தைச் சார்ந்ததே. பொற்சுரங்கப் பத்திரத்தை உரிய பெண்ணிடம் சேர்ப்பிக்க வந்த இருவரும், மதுக்கடைக்காரன் காட்டிய மற்றொருத்தியை உரியவள் என்று நம்பிப் பத்திரத்தைக் கொடுத்து விடுகின்றனர். இது பேதைமை பற்றிய நகை. அப்பேதைமை நம்பும் உள்ளத்தினின்று பிறந்ததாகலின், சிரிக்கும்பொழுதே நமக்கு அவர்கள்மீது அன்பு மிகுகின்றது. ஹேய்ஸும் செயின்ட் ஜானும் தம் தாடியையும் தடுமாற்றத்தையும் தாமே நகைப்பொருளாக்கித் தருவது, பிறர் எள்ளத் தாமும் நகும் வகை. இவற்றுள் யாதொன்றிலும் யாரும் புண்படுவதில்லை.

எஞ்சியது பிறரை எள்ளி நகுதல். முன்னர்க் கூறிய வெய்ன் படங்கள் ஆறனுள் ஒன்றாகிய 'ஹான்டட் கோல்டு' 1932இல் வெளிவந்தது. அதில் தலைவனுடைய தோழனாக வருபவர் எட்கர் 'புளூ' வாஷிங்டன் என்னும் கறுப்பின நடிகர். முன்னர்க் கறுப்பினத்தாரின் பேஸ்பால் அணிகளில் ஆடியவர். நெடிய, வலிய உடலினர். அத்தகையவரை, பேயென்று கேட்டவுடன் கண்ணை உருட்டி நடுங்கும் பணியாளாகவே படம் காட்டுகின்றது. அவருடைய நிறத்தைக் குறித்து இழிசொற்களும் வருகின்றன. அச்சம் யாவர்க்கும் பொதுவானது. அதனை ஓரினத்தின் இயல்பாக்கிக் காட்டுவதே இங்கு நகையாயிற்று.

'அக்காலம் அத்தகையது; அக்கால மக்கள் வேறு அறியார்' என்று இதற்கு அமைதி கூறுவர் பலர். நண்பர் சிலரும் இவ்வாறே கூறக் கேட்டிருக்கின்றேன். இவ்விடையை யான் ஏலேன். ஏலாமைக்குக் காரணம் அக்காலத்திலேயே உள்ளது.

1913இல் டெட்ராய்ட் நகரிற் பிறந்த ஹெர்ப் ஜெஃப்ரிஸ் என்னும் பாடகர், நிறவேற்றுமை சட்டமாய் நின்ற தென்மாநிலங்களில், கறுப்பினத்தார்க்கெனத் தனியே அமைந்த திரையரங்குகளிலும் வெள்ளைக் கௌபாய்களே வீரராக ஓடுவதைக் கண்டார். மாடு மேய்த்த உண்மைக் கௌபாய்களில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் கறுப்பினத்தார் என்று வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுவர். திரையிலோ அவர்களுக்கு இடமில்லை. ஜெஃப்ரிஸ் அவ்விடத்தை உண்டாக்க முயன்றார். 1937இல் 'ஹார்லெம் ஆன் தி பிரெய்ரி' வெளிவந்தது. அதன்பின் 'டூ-கன் மேன் ஃபிரம் ஹார்லெம்', 'தி பிரான்ஸ் பக்கரூ', 'ஹார்லெம் ரைட்ஸ் தி ரேஞ்ச்' என்பன 1938, 1939 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்தன. பின்னைய படங்கள் கலிபோர்னியாவில் விக்டர்வில் அருகே, கறுப்பினத்தார் ஒருவருக்கே உரிய பண்ணையிற் படமாக்கப்பட்டன. வறுமை வரிசைப் படங்களுள்ளும் இவை வறியவை. ஒலி தெளிவில்லை, ஒளி சீரில்லை, நடிப்பிலும் ஆங்காங்கே தளர்ச்சி உண்டு.

ஆயினும் 'தி பிரான்ஸ் பக்கரூ'வில் வரும் ஒரு நகைக்காட்சியை எண்ணிப் பாருங்கள். டஸ்டி என்னும் தோழன் பேசும் கோவேறு கழுதை ஒன்றைக் காண்கின்றான். உண்மையிற் பேசுவது கழுதையன்று. வாயசையாது பேசும் வித்தை அறிந்த ஒருவன் அதற்குக் குரல் கொடுக்கின்றான். டஸ்டியோ உள்ள பணத்தைக் கொடுத்து அக்கழுதையை வாங்கி விடுகின்றான். பின்னர் அது பேசாமையால் திகைக்கின்றான். ஏமாற்றுபவனாக நடித்தவர் ஃப்ளார்னாய் மில்லர். 1921இல் நியூயார்க் மேடையில் பெரும்புகழ் பெற்ற 'ஷஃபிள் அலாங்' என்னும் இசைநாடகத்தின் உரையாடலை எழுதிய இருவருள் ஒருவர். ஏமாற்றுபவனும் கறுப்பினத்தான், ஏமாறுபவனும் கறுப்பினத்தான், இறுதியில் நீதியை நிலைநாட்டும் தலைவனும் கறுப்பினத்தான். ஆதலின் டஸ்டியின் பேதைமை டஸ்டியுடையதாகவே நிற்கின்றது. ஓரினத்தின் தலையிற் சுமத்தப்படவில்லை. வீரனாகவும் அறிவனாகவும் கள்வனாகவும் தோன்ற உரிமை பெற்ற மக்கள், பேதையாகத் தோன்றவும் அஞ்ச வேண்டுவதில்லை. இதுவே இவ்வெளிய படம் யான் கற்குமாறு தந்த பாடம்.

இனி, மற்றொரு படத்தைக் காண்க. 'தி டெர்ரர் ஆஃப் டைனி டவுன்' என்பது 1938இற் கொலம்பியா நிறுவனத்தின் வழி வெளியிடப்பட்டது. இதன் நடிகர் அனைவரும் உருவிற் குறுகியோர். இரு பண்ணையாரிடையே பகைமூட்டி ஆதாயம் தேடும் தீயோன், பகைக் குடும்பங்களைச் சேர்ந்த காதலர், இறுதியிற் சண்டை எனக் கதை வழக்கமான கௌபாய்க் கதையே. நகையோ கதையில் இல்லை. சிறு மட்டக் குதிரைகள் மீது அவர்கள் ஏறி வருதலும், மதுக்கடையின் ஊசற்கதவைத் தள்ளாமல் அதன் அடியிற் புகுந்து செல்லுதலுமே நகையெனக் காட்டப்படுகின்றன. தொடக்கத்தில் நெடிய உருவினர் ஒருவர் மேடையில் தோன்றி, இது புதுமைப் படம் என்று அறிமுகம் செய்கின்றார். இங்கு நடிகர் யாதும் தவறிழைக்கவில்லை, எதனையும் பேதைமையால் நம்பவில்லை, தடுமாறவும் இல்லை. பிறந்த உருவோடு நடந்து வந்தனர். அதுவே சிரிப்பிற்குப் போதும் என்று எண்ணினர் படமெடுத்தோர்.

ஈண்டு ஓர் உண்மையைக் கருதுக. 1937ஆம் ஆண்டின் 'ஹார்லெம் ஆன் தி பிரெய்ரி'யையும் 1938ஆம் ஆண்டின் இப்படத்தையும் தயாரித்தவர் ஒருவரே. அவர் ஜெட் புயல். இரண்டனையும் இயக்கியவரும் சாம் நியூஃபீல்டு என்னும் ஒருவரே. ஒரே காலம், ஒரே தயாரிப்பாளர், ஒரே இயக்குநர், இரண்டும் சிறு செலவின. ஒன்று, தலைவனாக நிற்க இடம்பெறாதவர்க்கு அவ்விடத்தை அளித்தது. மற்றொன்று, தலைவனாக நிற்க வைத்தும் அவர் நிற்கும் உயரத்தைச் சுட்டிச் சிரித்தது. எனவே இழிவிற்குக் காலமும் காரணமன்று, வறுமையும் காரணமன்று. நகையை எங்கிருந்து எடுப்பது என்னும் தெரிவு, இரண்டு முறையும் அவர்தம் கையிலேயே இருந்தது.

'அப்படம் அந்நடிகர் பலர்க்குக் கூலி தந்ததன்றோ? பெருமந்தக் காலத்தில் அதுவும் உதவியன்றோ?' என்று வினவலாம். உண்மையே, கூலியை யான் இகழேன். பசித்தார்க்கு வேலையே முதல் மதிப்பு. ஆயின் அக்கூலிக்கு அவர்கள் விற்றது நடிப்பை மட்டுமன்று. படத்தின் தலைவனாக நடித்த பில்லி கர்ட்டிஸைக் காணுங்கள். அவர் நகைக்காக நடிக்கவில்லை. வெண்தொப்பி அணிந்த எந்த வீரனும் நடிப்பது போல நேர்மையாகவே நடிக்கின்றார். சிறிது நேரம் சென்றபின், உயரத்தைக் குறித்த நகை சலித்துப் போகின்றது. அவருடைய நேர்மை மட்டும் எஞ்சுகின்றது. 1973இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்த 'ஹை பிளெயின்ஸ் டிரிஃப்டர்' என்னும் படத்தில் இதே கர்ட்டிஸ் மீண்டும் ஒரு கௌபாய் ஊருக்கு வருகின்றார். ஊரார் எள்ளி வந்த அவரை, அங்கு வந்த அந்நியன் ஊர்த் தலைவராகவும் காவலராகவும் ஆக்குகின்றான். இம்முறை நகை திரும்புகின்றது, எள்ளியோர் எள்ளப்படுகின்றனர். 35 ஆண்டுகளுக்கு முன்னரே அத்தகைய பாத்திரத்தை ஏற்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. அதனைக் கேட்பார்தாம் இலர்.

அங்ஙனமாயின் இழிந்த படங்களை அழித்துவிடலாமோ எனின், அதுவும் கூடாது. அழிப்பின், நம் முன்னோர் எதனைக் கண்டு சிரித்தனர் என்பதை மறந்து, நாம் இயல்பாகவே நல்லவர் என்று எண்ணத் தலைப்படுவோம். 1978இல் வெளிவந்த ஓர் ஆங்கில நூல், 'டைனி டவுன்' படத்தை உலகின் இழிந்த படங்கள் ஐம்பதனுள் ஒன்றாக வைத்து நகையாடிற்று. அதனால் அப்படத்தைத் தேடிப் பார்ப்போர் பெருகினர். ஆனால் அவருட் பலர் சிரித்தது எதனைக் கண்டு? படத்தின் இழிவைக் கண்டோ, அந்நடிகரின் உருவைக் கண்டோ? 1938ஆம் ஆண்டின் அவையோரை நாம் குறை கூறிக்கொண்டே, அவர்கள் சிரித்த இடத்திலேயே நாமும் சிரிப்போமாயின், இடைப்பட்ட காலம் நமக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை என்பதே பொருள்.

நகை எழுத விரும்பும் மாணவ நண்பர்க்கு இவ்வெளிய படங்கள் நல்லாசான்கள் என்பது என் துணிபு. பொருள் இல்லையே என்று அவர் வருந்த வேண்டா. ஒரு தீயும், ஒரு மரக்கட்டையும், வாய் மூடாத ஒரு கிழவனும் போதும் என்பதை ஹேய்ஸ் காட்டியுள்ளார். நகைப்பொருள் இல்லையே என்றும் வருந்த வேண்டா. நம்பும் உள்ளமும் பிடிவாதமும் பிள்ளைத்தன்மையும் மாந்தர் அனைவரிடத்தும் வற்றாது சுரப்பன. ஒருவன் செய்வதைக் கண்டு சிரிக்க வைப்பதற்குப் புலமை வேண்டும். ஒருவன் நிறத்தையும் உயரத்தையும் பருமனையும் திக்குவாயையும் சுட்டிச் சிரிக்க வைப்பதற்கோ யாதும் வேண்டுவதில்லை; அதனாலேயே அது முதலில் நாவிற்கு வருகின்றது. முதலில் வந்ததை விலக்கி அடுத்ததைத் தேடுவோன் எவனோ, அவனே நகைச்சுவைப் புலவனாவான்.

இப்படங்கள் இன்று யாவரும் வலைத்தளத்திற் பொருள் செலவின்றிக் காணக் கிடைக்கின்றன. 'தி பிரான்ஸ் பக்கரூ', 'தி டெர்ரர் ஆஃப் டைனி டவுன்' ஆகிய இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரமே ஓடும். விடுமுறை மாலை ஒன்றில், அக்காலத்தார் ஒரு சீட்டிற்கு இரண்டு படம் கண்டது போலவே, இவ்விரண்டனையும் அடுத்தடுத்துக் காணுமாறு நண்பரை வேண்டுகின்றேன். ஒவ்வொரு முறை சிரிப்பு வரும்பொழுதும், இதற்குரிய விலையைக் கொடுத்தவர் யார் என்று மட்டும் தம் உள்ளத்தே வினவிக் கொள்க.